தகவல் தந்தவரைத் தனியே விடாதீர்கள்

2016 செப்டம்பர் 17ஆம் தேதி வாஷிங்டன் போஸ்ட் ஒரு தலையங்கம் எழுதியது. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் ரகசிய ஆவணங்களை வெளியே கொண்டுவந்த எட்வர்ட் ஸ்னோடெனுக்கு மன்னிப்பு கூடாது என்று அது அதிபர் ஒபாமாவிடம் சொன்னது. செய்தித் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது அதைப் படிக்க வேண்டும். ஸ்னோடென் கொண்டுவந்த ஆவணங்களை வைத்து 2013 ஜூன் 6ஆம் தேதி பிரிசம் என்ற இணையக் கண்காணிப்புத் திட்டத்தை உலகுக்கு அறிவித்த நாளேடு இதே வாஷிங்டன் போஸ்ட்தான். அந்தச் செய்திகளுக்காக 2014இல் கார்டியனின் அமெரிக்கப் பதிப்போடு சேர்ந்து பொதுச் சேவைக்கான புலிட்சர் விருதை வாங்கியதும் இதே நாளேடுதான். ஆற்றைக் கடக்கிறவரை அண்ணன் தம்பி; கரையேறிய பிறகு நீ யாரோ, நான் யாரோ!

அந்தத் தலையங்கம் என்ன வாதிட்டது என்பதை நேர்மையாகவே சொல்லிவிடுகிறேன். கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் தொலைபேசி அழைப்பு விவரங்களை மொத்தமாகச் சேகரித்த திட்டம் வெளியே வந்ததால் சீர்திருத்தம் நடந்தது என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் பிரிசம் சட்டப்படியான திட்டம், வெளிநாடுகளில் நடக்கும் உளவுப் பணிகளும் நியாயமானவை, அவற்றை வெளியிட்டது குற்றம், ஆகவே அவர் நாடு திரும்பி ஜூரியின் முன் நிற்கட்டும் என்றது. குற்றத்தில் ஒரு பங்கை அவர் ஏற்றுக்கொண்டால் அரசு கொஞ்சம் இரக்கம் காட்டலாம் என்றும் ஒரு வழி சொன்னது.

இதில் மறைந்துபோன ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஸ்னோடென் ஓர் ஆவணத்தைக்கூடத் தானாக வெளியிடவில்லை. எதை அச்சிடலாம், எதை அச்சிடக் கூடாது என்ற முடிவைப் பத்திரிகையாளர்களிடம் விட்டார். பிரிசம் பற்றிய செய்தியை எடுத்தது யார்? போஸ்ட்டின் நிருபரும் ஆசிரியர்களும். தலைப்பு வைத்தவர்கள் அவர்கள், முதல் பக்கத்தில் போட்டவர்கள் அவர்கள். அந்தச் செய்தி வெளிவந்திருக்கக் கூடாது என்றால் முதல் குற்றவாளி அந்த நாளேடு. வெளிவர வேண்டிய செய்திதான் என்றால் அதைக் கொண்டுவந்தவரைச் சிறைக்கு அனுப்பச் சொல்ல அதற்கு உரிமை இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

செய்திப் பிரிவு வேறு, தலையங்கப் பிரிவு வேறு என்று அவர்கள் பதில் சொல்வார்கள். அந்தச் சுவர் அவசியமானது. அதை இடிக்கச் சொல்லவில்லை. போஸ்ட்டின் ஊடகப் பத்தியாளர் மார்கரெட் சல்லிவன், ஸ்னோடெனுக்கு மன்னிப்பு வேண்டும் என்று அதே நாளேட்டில் எழுதினார். அவருக்கு வணக்கம் சொல்கிறேன். ஆனால் ஆவணத்தோடு வருகிறவர் சுவரின் எந்தப் பக்கம் வந்து நிற்கிறோம் என்று பார்த்துக் கதவைத் தட்டுவதில்லை. பத்திரிகையின் பெயரை நம்பி வருகிறார்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்னோடென் மீது சுமத்தப்பட்ட மூன்று குற்றச்சாட்டுகளில் இரண்டு, 1917ஆம் ஆண்டின் உளவுச் சட்டத்தின் கீழ் வருபவை. முதல் உலகப் போர்க் காலத்தில் எதிரிக்கு வேவு பார்ப்பவர்களைப் பிடிக்க வந்த சட்டம் அது. எதிரி நாட்டிடம் ரகசியத்தை விற்றவருக்கும், தன் நாட்டு மக்களிடம் உண்மையைச் சொன்னவருக்கும் அதில் வேறுபாடு இல்லை. ஏன் செய்தாய் என்ற கேள்விக்கே அங்கே இடம் கிடையாது.

டேனியல் எல்ஸ்பெர்க்குக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். வியட்நாம் போரைப் பற்றி அமெரிக்க அரசு மக்களுக்குச் சொல்லிவந்த பொய்களைக் காட்டும் பென்டகன் ஆவணங்களை அவர் நகலெடுத்துக் கொடுத்தார். நியூயார்க் டைம்ஸ் 1971 ஜூன் 13 முதல் அவற்றை வெளியிட்டது. தடை கேட்டு அரசு ஓடியது. ஜூன் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் பத்திரிகைகளின் பக்கம் நின்றது. இன்றுவரை நாமெல்லாம் கொண்டாடுகிற தீர்ப்பு. ஆனால் அந்தத் தீர்ப்பு எல்ஸ்பெர்க்கை விடுவிக்கவில்லை. 115 ஆண்டுச் சிறைவாசம் அவர் தலைக்குமேல் தொங்கியது. ஆவணங்களை ஏன் நகலெடுத்தீர்கள் என்று அவருடைய வழக்கறிஞர் நீதிமன்றத்தில் கேட்டார். வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்று அரசுத் தரப்பு எதிர்த்தது. நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார். ஏன் என்று சொல்ல முடியாமலே அவர் கூண்டில் நின்றார். 1973 மே மாதம் வழக்கு தள்ளுபடியானதற்குக் காரணம் அவருடைய நியாயம் ஏற்கப்பட்டதல்ல. அரசே அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்துக்குள் ஆள் அனுப்பித் திருடியதும், ஒட்டுக்கேட்டதும் அம்பலமானதுதான்.

ஸ்னோடென் ஜூரியின் முன் வந்து எல்லாவற்றையும் விளக்கட்டும் என்று சொல்கிறார்களே, அந்த ஜூரியிடம் அவரை எதைச் சொல்ல அனுமதிப்பார்கள்? சட்டம் வாயை அடைத்த பிறகு அவருடைய 'ஏன்' ஒலிக்கக்கூடிய ஒரே மன்றம் பொது விவாதம். அந்த மன்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நாம்தான் தோழர்களே! தலையங்கப் பக்கமும் அவரைக் கைவிட்டால் அவருக்காகப் பேச நாட்டில் வேறு இடமே இல்லை.

நாம் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2004ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் தாமஸ் டாம் என்ற அமெரிக்க நீதித் துறை வழக்கறிஞர், சுரங்க ரயில் நிலையம் ஒன்றின் பொதுத் தொலைபேசியிலிருந்து நியூயார்க் டைம்ஸை அழைத்தார். நீதிமன்ற அனுமதியே இல்லாமல் அமெரிக்கர்களின் பேச்சுகள் ஒட்டுக்கேட்கப்படுகின்றன என்று அவர் துப்புக் கொடுத்தார். அந்த நாளேட்டின் நிருபர்கள் ஜேம்ஸ் ரைசன், எரிக் லிக்ட்பிளா இருவரும் பலரிடம் விசாரித்து, உறுதிசெய்து, செய்தியைத் தயாரித்தார்கள். அது அதிபர் தேர்தல் ஆண்டு. வெளியிட வேண்டாம் என்று புஷ் அரசு கேட்டுக்கொண்டது, ஆசிரியர்கள் நிறுத்திவைத்தார்கள். ஓராண்டுக்கும் மேலாக அந்தச் செய்தி அலுவலகத்திலேயே கிடந்தது. ரைசன் அதைத் தன் புத்தகத்தில் வெளியிடப் போகிறார் என்ற நிலை வந்த பிறகு, 2005 டிசம்பர் 16ஆம் தேதிதான் அச்சேறியது. 2006இல் அதற்கும் புலிட்சர் கிடைத்தது. டாமுக்குக் கிடைத்தது என்ன? 2007இல் எஃப்பிஐ அவர் வீட்டைச் சோதனையிட்டது. வழக்கு கடைசிவரை வரவில்லை. ஆனால் வருமா வராதா என்று பல ஆண்டுகள் அவர் காத்திருந்தார்.

மார்க் கிளைன் கதையும் அப்படித்தான். சான்பிரான்சிஸ்கோவின் ஃபோல்சம் தெருவில் இருந்த ஏடி அண்ட் டி கட்டடத்தில் 641ஏ என்று ஓர் அறை. அங்கே பிரித்திழுக்கப்பட்ட கண்ணாடி இழைக் கம்பிகள் வழியாக இணையப் போக்குவரத்து அப்படியே தேசியப் பாதுகாப்பு முகமையின் கருவிகளுக்குள் போய்க்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த டெக்னீஷியன் கிளைன். ஓய்வுபெற்ற பிறகு அவர் ஆவணங்களோடு முதலில் போனது லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸுக்கு. அது வெளியிடவில்லை. வேறு பத்திரிகைகளைத் தேடிப் போனார், 2006இல் விஷயம் வெளியே வந்தது. இரண்டே ஆண்டுகளில், 2008 ஜூலையில், ஒட்டுக்கேட்புக்கு உதவிய தொலைபேசி நிறுவனங்களுக்கு முன்தேதியிட்டுச் சட்டப் பாதுகாப்பு வழங்கியது அமெரிக்க நாடாளுமன்றம். தப்பு செய்த நிறுவனத்துக்குப் பாதுகாப்பு; அதைச் சொன்ன தொழிலாளிக்கு ஒன்றுமில்லை.

இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தவர் ஸ்னோடென். நியூயார்க் டைம்ஸ் செய்தியை நிறுத்திவைத்தது தெரிந்ததால்தான் அவர் அந்தப் பத்திரிகையிடம் போகவில்லை. பத்திரிகையாளர்கள் லாரா போய்ட்ரஸையும் கிளென் கிரீன்வால்டையும் தேடிப் போனார். ஓர் ஆசிரியர் குழு எடுத்த முடிவின் விளைவு ஒன்பது ஆண்டுகள் கழித்து அந்தப் பத்திரிகையின் வாசலுக்கே வந்தது. பின்னர் நியூயார்க் டைம்ஸ் தன் பக்கத்தைத் தெளிவாகவே எடுத்தது. 2014 ஜனவரி தொடக்கத்தில் அது எழுதிய தலையங்கம் ஸ்னோடென் நாட்டுக்குப் பெரும் தொண்டு செய்தவர் என்றது. அவருக்குக் கருணை காட்டவோ, தண்டனையைக் குறைத்து நாடு திரும்ப வழிசெய்யவோ அரசைக் கேட்டது. கார்டியனும் அதே வேளையில் மன்னிப்பு கோரி எழுதியது. அந்தக் கார்டியனின் அடித்தளத்தில்தான் 2013 ஜூலையில் பிரிட்டிஷ் உளவு அமைப்பின் ஆட்கள் நின்று பார்க்க, ஸ்னோடென் ஆவணங்கள் இருந்த கணினிகளை அறுத்து உடைக்க நேர்ந்தது. ஆகஸ்ட் மாதம் கிரீன்வால்டின் துணைவர் டேவிட் மிராண்டாவைப் பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் பிடித்துவைத்தார்கள். டிசம்பரில் கார்டியன் ஆசிரியர் ஆலன் ரஸ்பிரிட்ஜரிடம், இந்த நாட்டை நேசிக்கிறீர்களா என்று நாடாளுமன்றக் குழு கேட்டது. இத்தனைக்கும் நடுவில் டெய்லி மெயில், பிரிட்டனின் எதிரிகளுக்கு உதவும் பத்திரிகை என்று கார்டியனைத் தலையங்கத்தில் சாடியது. சக பத்திரிகையை அரசின் கையில் பிடித்துக்கொடுக்கும் வேலையை ஒரு பத்திரிகையே செய்தது. அரசுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எதிர்த்தரப்பு சொல்வது எல்லாமே வெற்று வாதம் என்று நான் சொல்லமாட்டேன். எல்லா ரகசியமும் வெளியே வர வேண்டியதில்லை. ஸ்னோடென் எடுத்துச் சென்றவற்றில் அமெரிக்கர்களின் அந்தரங்கத்தோடு சம்பந்தப்படாதவையும் ஏராளம். அவர் இன்று ரஷ்யக் குடிமகன். உக்ரைன் மீது போர் நடந்துகொண்டிருந்த 2022 செப்டம்பரில் புதின் அதற்குக் கையெழுத்திட்டார். இது உறுத்துகிறது, உறுத்தத்தான் வேண்டும். ஆனால் அவர் மாஸ்கோவில் சிக்கியது எப்படி என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஹாங்காங்கிலிருந்து கிளம்பும் நேரத்தில் அமெரிக்கா அவருடைய பாஸ்போர்ட்டை ரத்து செய்தது. ஷெரமெத்யெவோ விமான நிலையத்தில் சுமார் 40 நாள் கிடந்தார். ஏறக்குறைய 20 நாடுகளிடம் அடைக்கலம் கேட்டார். அந்தப் பட்டியலில் இந்தியாவும் உண்டு. கோரிக்கையை ஏற்கக் காரணம் எதுவும் இல்லை என்று 2013 ஜூலை 2ஆம் தேதி இந்தியா மறுத்தது.

அலுவலகத்துக்குள்ளேயே முறைப்படி புகார் செய்திருக்கலாமே என்பார்கள். செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தேசியப் பாதுகாப்பு முகமையின் மூத்த அதிகாரி தாமஸ் டிரேக், மேலதிகாரிகளிடமும் தணிக்கை அதிகாரிகளிடமும் நாடாளுமன்றக் குழுவிடமும் போனார். அதே அமைப்பில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வேலை செய்த வில்லியம் பின்னியும் அவருடைய சகாக்களும் பாதுகாப்புத் துறையில் முறையான புகார் கொடுத்தார்கள். 2007இல் பின்னியின் வீட்டுக்குள் எஃப்பிஐ துப்பாக்கியோடு நுழைந்தது. டிரேக் மீது 2010இல் பத்துக் குற்றச்சாட்டுகள், 35 ஆண்டுவரை சிறை என்ற மிரட்டல். 2011இல் வழக்கு நொறுங்கியது. மிகச் சிறிய ஒரு குற்றத்தை மட்டும் ஒப்புக்கொண்டு வெளியே வந்தார். அதற்குள் வேலையும் வாழ்நாள் சேமிப்பும் போயிருந்தன. ஸ்னோடெனோ ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர். அரசு ஊழியர்களுக்கு இருந்த அந்த மெல்லிய பாதுகாப்புகூட அவருக்குக் கிடையாது.

நாட்டின் பாதுகாப்பு குலைந்தது என்பார்கள். தொலைபேசி விவரச் சேகரிப்பால் ஒரே ஒரு பயங்கரவாத விசாரணையின் முடிவுகூட மாறியதாகத் தெரியவில்லை என்று அமெரிக்க அரசே அமைத்த தனியுரிமைக் கண்காணிப்பு வாரியம் 2014 ஜனவரியில் அறிக்கை தந்தது. அந்தத் திட்டத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 2015 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே சட்டம் திருத்தப்பட்டது. 2020 செப்டம்பரில் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது சட்டவிரோதம் என்றது. கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் தகவல்களை எந்த வகையிலாவது சேகரிக்கிறீர்களா என்று செனட்டர் ரான் வைடன் 2013 மார்ச்சில் நேருக்கு நேராகக் கேட்டபோது, இல்லை என்று சொன்ன உளவுத் துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர் மீது ஒரு வழக்கும் இல்லை. பொய் சொன்னவர் ஓய்வூதியத்தோடு வீட்டில் இருக்கிறார். பொய்யைக் காட்டியவர் நாடு திரும்ப முடியாமல் இருக்கிறார்.

தோழர்களே, இது அமெரிக்காவின் கதை என்று நாம் ஒதுங்க முடியாது. 2013 மார்ச் மாதத்தின் முப்பது நாளில் மட்டும் இந்தியாவிலிருந்து 630 கோடித் தகவல் துணுக்குகள் சேகரிக்கப்பட்டன என்பது ஸ்னோடென் ஆவணங்களால்தான் நமக்குத் தெரியும். வாஷிங்டனில் உள்ள இந்தியத் தூதரகத்திலும் ஐநாவில் உள்ள இந்தியத் தூதுக்குழு அலுவலகத்திலும் ஒட்டுக்கேட்புக் கருவிகள் இருந்ததை அந்த ஆவணங்களைக் கொண்டு 2013 செப்டம்பரில் வெளியிட்டது நம் சென்னையின் 'தி இந்து'. நம் தூதரகத்தை ஒட்டுக்கேட்டதை நமக்குச் சொன்னவருக்குத்தான் நம் அரசு கதவைச் சாத்தியது. அதைக் கண்டித்து அன்று எத்தனை தமிழ் நாளேடுகள் தலையங்கம் எழுதின என்று அவரவர் அலுவலகத்தின் பழைய கோப்புகளை எடுத்துப் பாருங்கள்.

2021 ஜூலையில் பெகாசஸ் என்ற உளவு மென்பொருளின் இலக்குகள் எனப்பட்ட கைபேசி எண்களின் பட்டியல் வெளிவந்தது. அதைக் கொண்டுவந்தவர் யார் என்பது இன்றுவரை வெளியே தெரியாது. அதை வெளியிட்ட செய்தியாளர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். என். ராம், சசிகுமார் முதலிய பத்திரிகையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ரவீந்திரன் மேற்பார்வையில் அமைந்த குழு 29 கைபேசிகளைச் சோதித்தது. ஐந்தில் ஏதோ ஒரு தீங்கு மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதாக 2022 ஆகஸ்ட்டில் தலைமை நீதிபதியே நீதிமன்றத்தில் தெரிவித்தார். மிச்ச உண்மை ஏதாவது ஓர் அலுவலகத்தில், ஏதாவது ஒரு கோப்பில் இருக்கும். அதைப் பார்த்த ஓர் ஊழியர் இருப்பார். அவர் இன்று இரவு நம்மில் யாரை நம்பலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். அவருக்குச் சட்டத்தில் என்ன பாதுகாப்பு இருக்கிறது? தகவல் தருவோரைப் பாதுகாக்கும் சட்டம் 2014இல் இயற்றப்பட்டது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வருவதற்கு முன்பே அதை நீர்த்துப்போகச் செய்யும் திருத்தம் 2015இல் மக்களவையில் நிறைவேறியது. வெள்ளைக்காரன் காலத்தின் வழிவந்த 1923ஆம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டமோ முழு பலத்தோடு இருக்கிறது.

ஆகவே சொல்கிறேன், இனி காத்திருக்காதீர்கள். தலையங்கம் எழுதும் தோழர்களே, உங்கள் நாளேடு யாரோ ஒருவர் தந்த ரகசிய ஆவணத்தை அச்சிடும் அன்றே, அவருக்குப் பாதுகாப்பு கேட்டு உங்கள் பக்கம் பேச வேண்டும். மறுநாள் தொலைக்காட்சி விவாதம் அவருடைய சம்பளம், குடும்பம், கட்சி, மதம் என்று திசைமாறும். அதற்குள் உங்கள் குரல் பதிவாகியிருக்க வேண்டும். நோயுற்ற தலைவர்களுக்கு அஞ்சலிப் பக்கத்தை முன்கூட்டியே தயாரித்து வைக்கிறோம் அல்லவா? உயிரோடு ஒருவரைக் காப்பாற்றும் தலையங்கத்தையும் அப்படித் தயாராக வைத்திருப்போம்.

நிருபர்களே, டெஸ்க்கில் இருப்பவர்களே! ரியாலிட்டி வின்னரை மறக்காதீர்கள். 2017இல் தி இன்டர்செப்ட் இணைய இதழுக்கு அவர் அனுப்பிய ரகசிய அரசு ஆவணத்தின் நகலை, உண்மைதானா என்று சரிபார்க்கும் நோக்கத்தில் அந்த இதழ் அரசிடமே காட்டியது. மடிப்பு விழுந்த அந்தத் தாளைப் பார்த்ததுமே அது அச்செடுக்கப்பட்டது என்று தெரிந்துகொண்டார்கள். அச்செடுத்தவர்கள் ஆறு பேர்தான். 5 ஆண்டு 3 மாதம் சிறைத் தண்டனை அந்த இளம்பெண்ணுக்கு. கையில் வரும் ஆவணத்தை அப்படியே யாருக்கும் காட்டாதீர்கள், அப்படியே ஸ்கேன் செய்து போடாதீர்கள். தகவல் தருபவரைச் சாதாரணக் கைபேசி அழைப்பில் கூப்பிடாதீர்கள். உள்ளே என்ன பேசினீர்கள் என்பது தெரியாவிட்டாலும், யார் யாரை எப்போது அழைத்தார் என்ற ஒற்றை வரி போதும் அவரைப் பிடிக்க. மாவட்டத்தில் தனியாக வேலை செய்யும் பகுதிநேர நிருபருக்கும் இந்தப் பயிற்சி கிடைக்க வேண்டும். சென்னை அலுவலகத்தோடு அது நின்றுவிடக் கூடாது.

பத்திரிகையாளர் சங்கங்களில் பொறுப்பில் இருக்கும் தோழர்களே, உங்கள் அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாக்குங்கள்: 2014ஆம் ஆண்டுச் சட்டம் நீர்த்துப்போகாமல் உடனே நடைமுறைக்கு வர வேண்டும், அலுவலக ரகசியச் சட்ட வழக்கில், பொதுநலனுக்காகவே செய்தேன் என்று குற்றம்சாட்டப்பட்டவர் சொல்லவும் நீதிமன்றம் அதைக் கேட்கவும் சட்டத்தில் இடம் வேண்டும், எந்த நிர்வாகமும் தன் நிருபரிடம் தகவல் தந்தவரின் பெயரைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது. தீர்மானத்தைச் சங்கத்தின் பதிவேட்டில் எழுதி மூடிவிடாதீர்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரை நேரில் பார்த்துக் கொடுங்கள். அடுத்த கூட்டத்தொடரில் கேள்வியாக எழுப்புவாரா என்று கேளுங்கள். அவர் சொன்ன பதிலை மறுநாள் உங்கள் பத்திரிகையில் போடுங்கள்.